ஆஸ்பத்திரி கார் பார்க்கில் 100 பவுண்டு நோட்டீஸ்: போப்லா அப்பீல் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

பிரிட்டனில் தனியார் கார் பார்க் நோட்டீஸை எதிர்த்துப் போடும் அப்பீல் சேவை போப்லா. அதற்கு ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். காசு கேட்காத சேவை, ஒழுங்காக நடக்கிறது, காகிதத்தில் ஓட்டை இருந்தால் கண்டுபிடிக்கவும் செய்கிறது. ஆனால் என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) ஆஸ்பத்திரி கார் பார்க் விவகாரத்தில் நேராக அங்கே போய் நிற்பவர்கள் பெரும்பாலும் தவறான கதையைத் தவறான இடத்தில் சொல்லித் தோற்கிறார்கள். "அம்மாவை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனோம், டாக்டர் இரண்டு மணி நேரம் தாமதித்தார்" என்பது ஆஸ்பத்திரியிடம் சொல்ல வேண்டிய கதை. "நோட்டீஸ் பதினைந்தாம் நாள் வந்து சேர்ந்தது" என்பது போப்லாவிடம் சொல்ல வேண்டிய கதை. இந்த இரண்டையும் மாற்றிப் போடாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் கையில் இருக்கும் காகிதம் என்ன என்று பாருங்கள். தனியார் கம்பெனி அனுப்புவது அபராதம் அல்ல. கார் பார்க் வாசலில் இருந்த போர்டை ஒப்பந்தமாக வைத்து, அதை மீறியதற்கு அவர்கள் அனுப்பும் பில். லைசென்ஸில் பாயின்ட் விழாது, குற்றப் பதிவு ஆகாது. உங்கள் முகவரியை அவர்களுக்குக் கொடுத்தது வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ. ஒரு விலாசத்துக்கு 2.50 பவுண்டு வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. கவுன்சில் அனுப்பும் டிக்கெட்டுக்கும் இதற்கும் சுருக்கப் பெயர் பிசிஎன் என்று ஒன்றாகவே இருப்பதால் குழப்பம் வருகிறது. தலைப்பில் 'பெனால்ட்டி' என்று இருந்து கவுன்சில் பெயரும் இருந்தால் அது வேறு சட்டம், வேறு தீர்ப்பாயம். இந்தக் கட்டுரை அதற்கு உதவாது. 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்' என்று இருந்தால் மேலே படியுங்கள்.

அதே காகிதத்தின் அடியில் பார்க்கிங் கம்பெனிகளின் இரண்டு சங்கங்களில் ஒன்றின் முத்திரை இருக்கும். பிபிஏ என்றால் அந்தக் கம்பெனியின் இரண்டாம் கட்ட அப்பீல் போப்லா. ஐபிசி என்றால் ஐஏஎஸ் (கலெக்டர் பரீட்சை இல்லை, இன்டிபென்டன்ட் அப்பீல்ஸ் சர்வீஸ்). எதற்குப் போவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, கம்பெனி எந்தச் சங்கத்தில் இருக்கிறதோ அதுதான். கட்டணத்தின் உச்சவரம்பு 100 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 40 சதவீதம் குறையும், அதாவது பெரும்பாலும் 60. இரண்டு சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட பொது நடத்தை விதி 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அரசாங்கமே ஒரு விதித்தொகுப்பை 2022 பிப்ரவரியில் வெளியிட்டு, கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனதும் அதே வருடம் ஜூனில் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகவே இப்போதைக்குக் கையில் இருப்பது கம்பெனிகளின் சங்கங்கள் தங்களுக்குத் தாங்களே எழுதிக்கொண்ட விதிதான். இருந்தாலும் அவர்கள் விதியை அவர்களே மீறினால் அது உங்களுக்குச் சாதகம்.

முதல் கதவு: பால்ஸ்

ஆஸ்பத்திரியை நடத்தும் நிர்வாகத்துக்கு டிரஸ்ட் என்று பெயர். எல்லா என்எச்எஸ் டிரஸ்ட்டிலும் பால்ஸ் என்ற நோயாளி உதவி அலுவலகம் உண்டு. பெரும்பாலும் மெயின் என்ட்ரன்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும். ஈமெயில் முகவரி டிரஸ்ட் இணையதளத்தில் இருக்கும். கார் பார்க் நிலம் டிரஸ்ட்டுடையது, கம்பெனி அங்கே கூலிக்கு வேலை செய்கிறது. நிலத்துக்காரர் "ரத்து செய்" என்று சொன்னால் கம்பெனி செய்தாக வேண்டிய நிலைதான் பெரும்பாலான ஒப்பந்தங்களில். ஆஸ்பத்திரி டிக்கெட்டுகளுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது.

பால்ஸுக்கு எழுதும்போது கெஞ்ச வேண்டாம். இங்கிலாந்து அரசின் என்எச்எஸ் கார் பார்க்கிங் வழிகாட்டுதலில் உள்ள சில வரிகளைச் சொன்னால் போதும். சிகிச்சை திட்டமிட்டதைவிட நீண்டு, ஓட்டியவரின் கையை மீறி நேரம் தாண்டினால் கூடுதல் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்தும் வேலை பார்க்க வைக்கப்பட்ட ஊழியர்களுக்கும் இதே வரி பொருந்தும். நர்ஸாகவும் டாக்டராகவும் வேலை செய்யும் நம்மவர்கள் இதைக் கவனிக்கவும். தனியார் கான்ட்ராக்டர் செய்வதற்கு டிரஸ்ட்தான் பொறுப்பு என்றும், டிக்கெட் போட்டால்தான் வருமானம் என்ற அடிப்படையில் ஒப்பந்தம் கொடுக்கக் கூடாது என்றும் அதில் உண்டு. "நாங்கள் தலையிட முடியாது, கம்பெனியிடம் பேசுங்கள்" என்று பதில் வந்தால் இந்த 'பொறுப்பு' வரியை மேற்கோள் காட்டி, எஸ்டேட்ஸ் (கட்டட, நில நிர்வாகம்) பிரிவுக்கும் சீஃப் எக்ஸிக்யூட்டிவ் அலுவலகத்துக்கும் நகல் போட்டு மறுபடி அனுப்புங்கள்.

இலவசப் பார்க்கிங் உரிமை இருந்தும் டிக்கெட் வந்தவர்கள் நிறைய. இங்கிலாந்தில் நான்கு பிரிவினருக்கு ஆஸ்பத்திரிப் பார்க்கிங் இலவசம்: புளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளி பார்க்கிங் அட்டை) வைத்திருப்பவர்கள்; மாதத்துக்குக் குறைந்தது மூன்று தடவை வீதம், மூன்று மாதமாவது வந்துபோகும் வெளிநோயாளிகள்; இரவு தங்கும் பிள்ளைக்குத் துணையாக இரவு 7.30 முதல் காலை 8 வரை நிறுத்தும் பெற்றோர்; இரவு ஷிஃப்ட் ஊழியர்கள். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று தடவை போகிறவர் இரண்டாவது பிரிவில் வந்துவிடுவார். சிக்கல் எங்கே என்றால், வாசலில் இருக்கும் ஏஎன்பிஆர் கேமராவுக்கு நம்பர் பிளேட் தெரியுமே தவிர டாஷ்போர்டில் இருக்கும் புளூ பேட்ஜ் தெரியாது. பல ஆஸ்பத்திரிகளில் ரிசப்ஷனிலோ கார் பார்க் அலுவலகத்திலோ பதிவெண்ணைப் பதிந்தால்தான் இலவசம் கணக்கில் ஏறும். அதைச் சொல்லும் போர்டு எங்கே, எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறது என்று போட்டோ எடுங்கள். சலுகை விவரத்தை வாசலிலும், பணம் கட்டும் இடத்திலும், ஆஸ்பத்திரிக்குள்ளும், அப்பாயின்ட்மென்ட் கடிதத்திலும் சொல்ல வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதல்தான். கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்றால் அந்தக் கடிதமே சாட்சி.

ஈமெயிலோடு சேர்க்க வேண்டியவை: அப்பாயின்ட்மென்ட் கடிதம் (நோய் விவரத்தைக் கறுப்படித்துவிடலாம்), கிளினிக்கில் எத்தனை மணிக்கு விட்டார்கள் என்று நர்ஸ் அல்லது ரிசப்ஷன் எழுதிக்கொடுத்த இரண்டு வரி, நோட்டீஸ் நகல். கிளினிக் மேனேஜரே பால்ஸுக்கு ஒரு வரி போட்டால் வேலை சுலபம். யார் ஓட்டினார் என்று மட்டும் இதில் எழுதாதீர்கள். பால்ஸ் உங்கள் ஈமெயிலை அப்படியே கம்பெனிக்கு அனுப்பிவிடுவதுண்டு. அதில் இருக்கும் ஒரு சொல் பின்னால் உங்களுக்கே எதிராகத் திரும்பும். ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்.

பால்ஸ் பலிக்காத இடம் ஒன்று உண்டு. பிஎஃப்ஐ (தனியார் முதலீடு) முறையில் கட்டிய ஆஸ்பத்திரிகளில் கார் பார்க் உரிமை கட்டிய கூட்டமைப்பிடம் இருக்கலாம். டிரஸ்ட் சொல்லி அவர்கள் கேட்கத் தேவையில்லாமல் போகலாம். அப்படியென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கிங் ஒப்பந்தத்தையும், ரத்து செய்யும் அதிகாரம் யாரிடம் என்ற பகுதியையும் கேளுங்கள். பதில் சொல்ல டிரஸ்ட்டுக்கு 20 வேலை நாள் அவகாசம் உண்டு. போப்லாவுக்கான 28 நாள் அதற்குள் ஓடிவிடும், அதனால் நோட்டீஸ் வந்த வாரத்திலேயே கேட்டு வைப்பது நல்லது.

கீப்பர், டிரைவர், 14 நாள் கணக்கு

2012ஆம் ஆண்டின் புரொடெக்‌ஷன் ஆஃப் ஃபிரீடம்ஸ் சட்டம், நான்காம் அட்டவணை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அப்பீல் எழுதுவது வீண். ஒப்பந்தம் போட்டவர் ஓட்டியவர். ஆனால் கம்பெனிக்குத் தெரிந்தது கீப்பர் பெயர் மட்டும், அதாவது டிவிஎல்ஏ-வில் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர். ஓட்டியவர் யார் என்று தெரியாவிட்டால் கீப்பரிடம் வசூலிக்க இந்தச் சட்டம் வழி விடுகிறது. ஆனால் சும்மா இல்லை. நோட்டீஸ் சரியான வார்த்தைகளோடு, சரியான நாளுக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கீப்பர் பொறுப்பு போய்விடும். அப்புறம் ஓட்டியவரைத்தான் பிடிக்க வேண்டும். அவர் யார் என்று தனியார் கம்பெனிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்குக் கிடையாது. போலீஸ் கேட்பது வேறு விஷயம்.

கேமரா டிக்கெட் என்றால், கார் நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாளுக்குள் நோட்டீஸ் கையில் சேர வேண்டும். தபாலில் போட்ட தேதி போதாது. போட்ட நாளுக்குப் பிறகு இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். சனி, ஞாயிறு, பேங்க் ஹாலிடே கணக்கில் வராது. கார் மார்ச் 3 திங்கட்கிழமை நின்றது என்று வைத்துக்கொள்வோம். கெடு மார்ச் 17 திங்கள். 13ஆம் தேதி வியாழன் தபாலில் போட்டால் 17 அன்று சேர்ந்ததாகக் கணக்கு, சரி. 14ஆம் தேதி வெள்ளி போட்டால் 18 செவ்வாய் ஆகிவிடும். ஒரு நாள் தாமதம், கீப்பர் தப்பித்தார். நோட்டீஸில் அச்சிட்ட தேதியும் உண்மையில் தபாலில் போன தேதியும் வேறாக இருப்பதும் உண்டு, ஆகவே உறையைத் தூக்கி எறியாதீர்கள்.

கண்ணாடியில் ஒட்டிய டிக்கெட் என்றால் கணக்கு வேறு. அந்த டிக்கெட்டுக்கு மறுநாளிலிருந்து 28 நாள் கழித்துத்தான் கீப்பருக்கு நோட்டீஸ் வர வேண்டும், 56ஆம் நாளுக்குள் சேரவும் வேண்டும். ஒட்டிய டிக்கெட்டைப் பார்த்த அன்றே பதறி அப்பீல் போடுகிறவர்கள், "வண்டியை நான்தான் நிறுத்தினேன்" என்று எழுதிக் கம்பெனிக்கு இருந்த ஒரே தலைவலியையும் தீர்த்து வைத்துவிடுகிறார்கள். கடைசி வாரம் வரை பொறுத்து, கீப்பராக அப்பீல் போடுங்கள். ஒரே நஷ்டம், 60 பவுண்டு தள்ளுபடிக் காலம் கடந்துவிடும். 14 நாளுக்குள் அப்பீல் போட்டவர்களுக்கு, நிராகரித்தாலும் அந்தத் தள்ளுபடி மறுபடி 14 நாள் கிடைக்கும். எது முக்கியம் என்று உங்கள் கேஸின் பலத்தைப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

எழுதும் ஆங்கிலத்தில் 'ஐ பார்க்டு' என்ற இரண்டு சொல் வரவே கூடாது. 'த டிரைவர்', 'த வெஹிக்கிள் வாஸ் பார்க்டு' என்றே கடைசி வரை போங்கள். இணையதளத்தில் அப்பீல் படிவம் நிரப்பும்போது "நீங்கள் யார்?" என்ற இடத்தில் 'டிரைவர்' என்பதே முதலில் தேர்வாகி நிற்கலாம், 'ரெஜிஸ்டர்டு கீப்பர்' என்று மாற்றாமல் அனுப்பினால் எழுதிய கடிதம் முழுக்க வீண்.

ஸ்காட்லாந்தில் இந்தக் கீப்பர் பொறுப்பு நடப்பில் இல்லை, அங்கே ஆஸ்பத்திரிப் பார்க்கிங்கும் இலவசம். வேல்ஸில் பார்க்கிங் இலவசம், ஆனால் கீப்பர் பொறுப்பு உண்டு. ரயில் நிலையம், ஏர்போர்ட் கேஸ்களில் 'பைலா நிலம்' (தனி விதிகள் ஓடும் நிலம், அதனால் கீப்பர் பொறுப்பு வராது) என்று சொல்லி ஜெயித்த கடிதத்தை ஆஸ்பத்திரிக்கு நகலெடுத்து அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரி நிலத்துக்கு அந்த வாதம் பொதுவாகப் பொருந்தாது.

கேமராவும் மெஷினும் செய்யும் தப்புகள்

ஆஸ்பத்திரியில் அடிக்கடி நடப்பது 'டபுள் டிப்'. காலை 9 மணிக்கு நோயாளியை இறக்கிவிட்டுக் கார் வெளியே போகிறது. மாலை 4 மணிக்கு அழைத்துப் போக வருகிறது. காலை வெளியேறிய படமும் மாலை நுழைந்த படமும் முன்னால் நின்ற ஆம்புலன்ஸாலோ வெயில் பட்ட பிளேட்டாலோ பதிவாகாமல் போனால், சிஸ்டம் முதல் நுழைவையும் கடைசி வெளியேற்றத்தையும் சேர்த்து ஏழு மணி நேரம் நின்றதாகக் கணக்குப் போட்டுவிடும். நடுவில் கார் வேறு இடத்தில் இருந்ததற்கு ஆதாரம் வேண்டும்: போனில் இருக்கும் இருப்பிட வரலாறு, பெட்ரோல் பங்க் ரசீது, டேஷ்கேம், ஆபீஸ் கார் பார்க் பதிவு. கம்பெனியிடம் அன்றைக்கு எடுத்த எல்லாப் படங்களையும் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். காசு கிடையாது, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். கேட்க வேண்டியது அவர்கள் இணையதளத்தின் பிரைவசி பக்கத்தில் இருக்கும் டேட்டா அதிகாரியின் ஈமெயிலில், அப்பீல் படிவத்தில் அல்ல.

அடுத்தது, கேமரா அளப்பது கார் உள்ளே இருந்த நேரம். நின்ற நேரம் அல்ல. காலை பத்து மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இடம் தேடிச் சுற்றுவதே அரை மணி. இதற்காகத்தான் விதியில் போர்டைப் படித்து முடிவு செய்யக் குறைந்தது 5 நிமிடமும், நேரம் முடிந்தபின் வெளியேற 10 நிமிடமும் இருக்கிறது. 2025 பிப்ரவரி 17 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: கேமரா வைத்த கார் பார்க்கில் நுழைந்து 5 நிமிடத்துக்குள் பணம் கட்டவில்லை என்பதற்காக மட்டும், வெளியேறுமுன் கட்டியவருக்கு டிக்கெட் போடக் கூடாது.

பதிவெண்ணைத் தவறாக அடிப்பது மூன்றாவது. ஓ எழுத்தும் பூஜ்யமும், எஸ்-ஸும் 5-ம், பி-யும் 8-ம் மாறுவது, ஒரு எழுத்து விடுபடுவது எல்லாம் சிறிய பிழை. பணம் கட்டியிருந்தால் ரத்து செய்தாக வேண்டும். வீட்டில் இருக்கும் இன்னொரு காரின் எண்ணை அடித்தது பெரிய பிழை. அதற்கு 20 பவுண்டுக்கு மேல் கேட்கக் கூடாது. இங்கே ஒரு சூட்சுமம். கம்பெனி தரும் ஆதாரத்தில், உங்கள் சரியான எண்ணை மெஷின் பதிவில் தேடி "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற ஸ்கிரீன்ஷாட்டைத்தான் வைப்பார்கள். தப்பாக அடித்த எண்ணைச் சரியானதை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? கார் 10.06க்கு நுழைந்தது என்றால் 10.06 முதல் 10.25 வரை மெஷினில் விழுந்த எல்லாப் பதிவையும் கேளுங்கள். 10.14க்கு ஒரு எழுத்து மட்டும் வேறாக இருக்கும் எண், அதே தொகை, உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டிலும் அதே தொகை என்று வந்தால் அங்கேயே கேஸ் முடிந்தது. ஆப்பில் கட்டியவர்கள் இடக் குறியீட்டைச் சரிபார்க்கவும். ஒரே ஆஸ்பத்திரியின் இரண்டு கார் பார்க்குக்கு இரண்டு குறியீடு இருப்பது சகஜம்.

போப்லாவில் அப்பீல் போடுவது

முதல் அப்பீல் கம்பெனியிடம், 28 நாளுக்குள். பெரும்பாலும் அச்சடித்த நிராகரிப்புதான் வரும். அதில் போப்லாவுக்கான பத்து இலக்கக் குறியீடு இருக்கும். நிராகரிப்புத் தேதியிலிருந்து 28 நாள் உங்களுக்கு. குறியீடு தராமல் "யார் ஓட்டினார் என்று சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்டு ஒரு கடிதம் நடுவில் வரலாம். அது நிராகரிப்பு அல்ல. மறுபடியும் "கீப்பராக என் அப்பீல் இதுதான், ஏற்கவும் அல்லது குறியீடு தரவும்" என்று ஒரு வரி எழுதினால் போதும்.

போப்லா இணையதளத்தில் அப்பீல் காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும். 'வேறு காரணம்' என்பதைத் தேர்ந்து, முழு வாதத்தையும் படங்களோடு ஒரே பிடிஎஃப்பாக ஏற்றுவதுதான் உத்தமம். வாதத்துக்கு எண் போட்டுத் தனித்தனித் தலைப்பு வையுங்கள், ஏனென்றால் மதிப்பீட்டாளர் நீங்கள் எழுப்பாத புள்ளியைத் தானாகத் தேடிப் பார்க்கமாட்டார். கீப்பர் பொறுப்பு இல்லை, நிலத்துக்காரர் கொடுத்த அதிகாரத்துக்கு ஆதாரம் காட்டவும், போர்டு தெளிவில்லை, நேரக் கணக்கு தவறு. ஆஸ்பத்திரி கேஸுக்குப் பெரும்பாலும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும். போர்டு பற்றி எழுதினால், கார் நின்ற அதே நேரத்தில், இருட்டென்றால் இருட்டில், ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து எடுத்த படம் வையுங்கள். 2015 நவம்பரில் பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 85 பவுண்டு கட்டணத்தைச் செல்லும் என்றது. கம்பெனிகள் ஒவ்வொரு பதிலிலும் அதைத் தூக்கிக் காட்டும். அங்கே போர்டுகள் நிறைய இருந்தன, 85 என்பது பெரிய எழுத்தில் இருந்தது. உங்கள் ஆஸ்பத்திரிப் போர்டில் 100 என்பது எங்கே ஒளிந்திருக்கிறது என்று படம் போட்டுக் காட்டுங்கள். 'தொகை அநியாயம்' என்று மட்டும் எழுதினால் பீவிஸ் தீர்ப்பு உங்களை முடித்துவிடும்.

பிறகு கம்பெனி தன் ஆதாரக் கட்டை ஏற்றும், அல்லது ஏற்றாமல் கைவிடும். கைவிட்டால் நீங்கள் ஜெயித்தீர்கள், இது அபூர்வமில்லை. ஏற்றினால் பதில் எழுத உங்களுக்கு 7 நாள்தான். அந்த ஈமெயில் ஸ்பாமில் விழுந்து கிடக்கும் அபாயம் உண்டு, வாரம் இரண்டு தடவை உள்ளே போய்ப் பாருங்கள். புதிய வாதம் அப்போது சேர்க்க முடியாது, அவர்கள் காட்டியதை உடைக்க மட்டும்தான் அனுமதி. உடைக்க வேண்டியவை எங்கே இருக்கும் என்றால்: ஒப்பந்தத்தின் முடிவுத் தேதி கடந்திருக்கும், அல்லது கையெழுத்து கறுப்படிக்கப்பட்டிருக்கும், போர்டுப் படங்கள் பல வருடம் பழையவையாகவோ தேதியே இல்லாமலோ இருக்கும், தள வரைபடத்தில் கார் நின்ற வரிசைக்குப் பக்கத்தில் ஒரு போர்டும் இருக்காது.

மதிப்பெண்ணில் ஒன்றரையைக் குறைத்தது இரண்டு காரணத்துக்காக. மனிதக் காரணத்தைப் போப்லா ஏற்காது. ஏ அண்ட் ஈ அவசரப் பிரிவில் மாரடைப்போடு கிடந்தார் என்றாலும், ஒப்பந்தம் மீறப்பட்டதா இல்லையா என்பதே அவர்கள் கேள்வி. அதிகபட்சம் கம்பெனியிடம் மறுபரிசீலனை செய்யச் சொல்வார்கள். (சங்க விதியிலேயே, மருத்துவ அவசரம் போன்ற நியாயமான காரணத்துக்கு ஆதாரம் காட்டினால் 20 பவுண்டாகக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேட்க வேண்டிய இடம் கம்பெனியிடம் போடும் முதல் அப்பீல், போப்லா அல்ல.) இரண்டாவது காரணம், ஒரு மதிப்பீட்டாளர் முடிவு அடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. ஒரே கார் பார்க், ஒரே போர்டு. ஒருவர் தெளிவில்லை என்பார், மற்றவர் தாராளமாகத் தெரிகிறது என்பார். செயல்முறைப் பிழை இருந்தாலொழிய முடிவை மறுபடி திறக்கமாட்டார்கள்.

அதே சமயம் பெரிய பலம் ஒன்று: முடிவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. தோற்றால் தள்ளுபடி போகும், அவ்வளவுதான். கட்டாமல் கோர்ட்டில் வாதாடும் உரிமை அப்படியே இருக்கும்.

ஐஏஎஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஐந்துக்கு ஒன்றரை. சட்டப் புள்ளியை மிகக் கறாராக, பெரும்பாலும் கம்பெனி பக்கம் சாய்ந்து படிக்கிறார்கள் என்பதே என் கருத்து. பலமான 14 நாள் வாதம் கையில் இருந்தால் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பால்ஸிலேயே முழு மூச்சாக நில்லுங்கள். கெடு தேதியும் வேறு, நிராகரிப்புக் கடிதத்தில் இருப்பதையே நம்புங்கள்.

அதற்குப் பிறகு வரும் கடிதங்கள்

கட்டாவிட்டால் கடன் வசூல் கம்பெனியின் கடிதங்கள் சிவப்பு எழுத்தில் வரும், மேலே 70 பவுண்டு சேர்த்து. இவர்கள் பெய்லிஃப் (ஜப்தி அதிகாரி) அல்ல. வீட்டுக்கு வந்து எதையும் எடுக்க முடியாது. இவற்றுக்குப் பதில் எழுத வேண்டியதில்லை, ஆனால் கோப்பில் வையுங்கள். "எதையும் கண்டுகொள்ளாதே, தானாகப் போய்விடும்" என்ற பழைய அறிவுரை 2012க்கு முந்தையது. இன்று கண்டுகொள்ள வேண்டிய கடிதங்கள் இரண்டு. ஒன்று, வழக்குக்கு முந்தைய கடிதம். பதில் சொல்ல 30 நாள். இன்னொன்று, கவுன்ட்டி கோர்ட்டின் கிளைம் ஃபார்ம். அதில் இருக்கும் தேதியோடு 5 நாள் கூட்டினால் உங்களுக்குச் சேர்ந்த நாள். அதிலிருந்து 14 நாளுக்குள் இணையத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதிந்தால், எதிர்வாதம் எழுத மொத்தம் 28 நாள் கிடைக்கும். இரண்டையும் தவறவிட்டால் வாதமே கேட்காமல் சிசிஜே (கவுன்ட்டி கோர்ட் தீர்ப்பு) விழும், ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டாவிட்டால் ஆறு வருடம் கிரெடிட் பதிவில் நிற்கும். வீடு மாறியவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் பழைய முகவரி இருந்தால் எல்லாக் கடிதமும் அங்கேதான் போகும். டிவிஎல்ஏ-வில் மாற்றுவதோடு, கம்பெனிக்கும் புது முகவரியை எழுதித் தெரிவியுங்கள்.

கோர்ட்டில் தோற்றால் எவ்வளவு? 100 கட்டணம், 70 வசூல் செலவு, 35 வழக்குக் கட்டணம், 50 வக்கீல் செலவு, விசாரணை வரை போனால் இன்னும் 27, கொஞ்சம் வட்டி. ஏறக்குறைய 280. அந்த 70-ஐ வெட்டிவிடும் நீதிபதிகளும் உண்டு. கேஸ் பலவீனம் என்று உங்களுக்கே தெரிந்தால் 60-லேயே கட்டி முடிப்பதில் வெட்கமில்லை.

2024 மே முதல் சிறு தொகை வழக்குகளில் போன் வழி சமரசப் பேச்சு கட்டாயம். ஒரு மணி நேரம், இலவசம், எதிர்த்தரப்போடு நேரடியாகப் பேச வேண்டாம். கலந்துகொள்ள வேண்டும், ஆனால் ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பிறகு வழக்கு உங்கள் ஊர் கோர்ட்டுக்கு மாறும், விசாரணைக் கட்டணத்துக்கு ஒரு கடைசித் தேதி குறித்து உத்தரவு வரும். கட்ட வேண்டியது கம்பெனி. அந்தத் தேதிக்கு மறுநாள் கோர்ட்டுக்குப் போன் போட்டு, கட்டினார்களா என்று கேளுங்கள். கட்டவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி, லீவு போட்டு அலையும் வேலையும் மிச்சம்.